முன்கூட்டி வந்த மலர்வளையம்

லுதிவினா மூன்றாவது கரண்டிக் கஞ்சியை அப்பாவின் வாயருகே கொண்டுபோனபோது வாசலில் டிரைசிக்கிள் வந்து நின்றது. ஓட்டுநர் இறக்கி வைத்தது ஆளுயர மலர்வளையம்.

"இங்க யாரும் சாகலையே" என்றாள்.

அவன் நாடாவில் இருந்த பெயரைப் படித்தான். திறந்த கதவு வழியே கட்டிலில் சாய்ந்திருந்தவரைப் பார்த்தான். பூக்கடையில் கொடுத்தார்கள், கூலியும் அங்கேயே கிடைத்துவிட்டது என்று முணுமுணுத்துவிட்டு வண்டியை அவசரமாகத் திருப்பிக்கொண்டு போனான்.

ஊதா நாடாவில் 'அவுரேலியோ தும்பாகா. ஆழ்ந்த வருத்தங்களுடன்' என்று எழுதியிருந்தது. வருந்தியவர் யாரென்று இல்லை.

அப்பா கண்ணாடியைக் கேட்டு வாங்கி மாட்டிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"பேர்ல ஒரு எழுத்த விட்டுட்டான். சிவப்புப் பேனா எங்கம்மா?"

மணிலாவில், நிதித்துறையில், இருபத்திரண்டு வருடம் பிறர் எழுதிய குறிப்புகளைத் திருத்திய கை. ஒருநாள் அந்த வேலைக்கு ராஜினாமா எழுதிக்கொடுத்துவிட்டு, பதினான்கு வயது லுதிவினாவையும் இப்போது உயிரோடு இல்லாத அம்மாவையும் கூட்டிக்கொண்டு, அம்மாவின் ஊரான இந்த நீக்ரோஸ் தீவின் கரும்புக் காட்டுக்கு வந்துவிட்டார். ஏனென்று அவள் கேட்டதற்கு, பசியை எங்கள் கணக்கில் எந்தப் பத்தியிலும் எழுத இடமில்லை என்றார். அவளுக்கு அப்போது புரியவில்லை. தோழிகளைப் பிரிந்த கோபம் மட்டும் பல வருடம் இருந்தது.

ஆலை மூடும் மாதங்களில் இங்கே யார் கையிலும் காசு இருக்காது. அவர் சந்தையில் காசுக்குப் பதிலாக ஓர் அட்டையைப் புழக்கத்தில் விட்டார். ஒருநாள் களையெடுத்தால் ஓர் அட்டை. அதற்கு மீன் கிடைக்கும். மீன்காரி அதைக் கொடுத்துக் கூரை வேய்ந்துகொள்வாள். மூன்றாவது வருடம், அரிசிக் கடனுக்காகப் பண்ணை முதலாளியின் கடை வாசலில் நிற்கும் கூட்டம் பாதியானது. அதற்கப்புறம்தான் அவர் துப்பாக்கியோடு மலைக்காட்டுக்குள் இருப்பவர்களின் ஆள் என்று சுவர்களில் தாள் ஒட்டப்பட்டது. கீழே அவர் படம்.

அட்டையை நிறுத்திவிடுங்கள் என்று போன மாதம் அவள் கெஞ்சியிருந்தாள். அவளுக்கு அரசுப் பள்ளியில் வேலை; அது போய்விடும் என்ற பயம். அவர் இருமினார். இரண்டு நுரையீரலும் கெட்டுப்போய்விட்டன, சில வாரங்கள்தான் என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார்.

மலர்வளையத்தை இழுத்துப்போய்க் கரும்பு வாய்க்காலில் தள்ளிவிட்டு வந்தாள். கஞ்சி ஆறியிருந்தது. சூடு பண்ணிக் கொண்டுவந்தபோது அப்பா கண்ணாடியைக் கழற்றாமலே தூங்கிக்கொண்டிருந்தார். பதினொரு மணிக்கு மூச்சு இடறியது. உச்சிவேளைக்குள் நின்றுவிட்டது.

கேப்டன் என்று எல்லாரும் கூப்பிடும் ஊர்த் தலைவர் முதலில் வந்தார். சவப்பெட்டிக்கு முன்னால் சிலுவையிட்டுக்கொண்டவர் உட்காரவில்லை.

"மலர்வளையம் வந்த விஷயம் ஊர் பூரா தெரிஞ்சுபோச்சு, டீச்சர். கொன்னுட்டாங்கன்னு பேசிக்கிறாங்க."

"நுரையீரல்தான். என் கையிலதான் போனார்."

"எனக்குத் தெரியும். யார் நம்புவா? நாளைக்குக் காலையிலயே எடுத்துருங்க. ராத்திரி கண்விழிப்பு, துக்க வீட்டுச் சீட்டாட்டம் எதுவும் வேண்டாம். வர்றவங்க முகத்தை எவனாவது படம் புடிப்பான். உங்க வேலையும் இருக்கு பாருங்க."

அவர் சொன்னது அக்கறையாகவும் இருந்தது, யாரோ சொல்லியனுப்பியதுபோலவும் இருந்தது. லுதிவினா அப்பாவின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"ஏழு நாள் வைக்கிறேன், கேப்டன்" என்றாள். "கதவு திறந்தேதான் இருக்கும்."

அவருக்குப் பிறகு அன்று யாரும் வரவில்லை. கடன் வாங்கிப் போட்ட நாற்காலிகள் வெறுமனே கிடந்தன. காபி மூன்று முறை சுண்டியது. எதிர்க் கடையின் நிழலில் இரண்டு பேர் மோட்டார் சைக்கிளைச் சாய்த்துவிட்டு உட்கார்ந்திருந்தார்கள். தெருவில் வந்தவர்கள் அவர்களைப் பார்த்ததும், ஏதோ மறந்துவிட்டவர்கள்போல் திரும்பிப் போனார்கள். பெட்டி வீட்டில் இருக்கும்போது வீட்டைப் பெருக்கக்கூடாது என்ற வழக்கத்தால், காற்று உள்ளே அடித்து வந்த கரும்புச் சோகை தரையில் அப்படியே கிடந்தது.

மறுநாள் பிற்பகல் மீன்காரி பாசிங் வந்தாள். சந்தை முடிந்து நேராக வந்திருந்தாள். ரப்பர் செருப்பில் செதில் ஒட்டியிருந்தது. பெட்டி மூடியின் கண்ணாடிமேல் உள்ளங்கையை வைத்து நின்றாள். பிறகு தெருவைப் பார்த்த நாற்காலியாகத் தேடி உட்கார்ந்து, மடியிலிருந்து சீட்டுக்கட்டை எடுத்தாள்.

"பயமா இல்லையாக்கா?"

"இருக்கு. அதான் காலையில வரல" என்றாள் பாசிங். "உக்காரு லுதி. ரெண்டு பேர் ஆடலாம்."

முதல் ஆட்டம் பாதியில் இருக்கும்போது எதிர்க் கடையில் அந்த இருவரில் ஒருவன் எழுந்தான். சாவதானமாகத் தெருவைக் கடந்தான். வாசலில் நிழல் விழுந்தது.

"உக்காரலாமா?"

லுதிவினா கையிலிருந்த சீட்டுகளைக் கவிழ்த்து வைத்தாள்.

"அப்பாவப் பாத்துட்டு உக்காருங்க."

அவன் அதை எதிர்பார்க்கவில்லை. தொப்பியைக் கழற்றிக்கொண்டு பெட்டியருகே போனான். அவள் நினைத்ததைவிட அதிக நேரம் அங்கே நின்றான். நெற்றியில் தொப்பி அழுத்திய தடம். இருபத்தைந்து வயதுகூட இருக்காது. திரும்பி வந்து மூன்றாவது நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டான்.

"மூணாம் வகுப்புதான எடுக்கறீங்க, டீச்சர்? ரோட்டுப் பக்கம் ஜன்னல் இருக்கற அறை."

பாசிங் ஆடிய சீட்டுகளைக் கலைத்தாள். குலுக்கினாள். மூன்று பேருக்கும் போட ஆரம்பித்தாள்.

லுதிவினா எழுந்துபோய் அவனுக்கும் ஒரு கோப்பையில் காபி ஊற்றினாள். எத்தனை கரண்டி சர்க்கரை என்று கேட்கவில்லை. போட்டுக் கலக்கிக்கொண்டே நின்றாள். அவன் தன் சீட்டுகளை நெஞ்சோடு ஒட்டிப் பிடித்து, ஒவ்வொன்றாக விரித்துக்கொண்டிருந்தான்.