ஓவசியருக்குப் போன படகு

“பேர்?”

“சரவணமுத்து பிரதாபன்.”

“வயசு?”

“இருபத்தெட்டு.”

“எங்கையிருந்து?”

பிரதாபன் துறைக்கு அப்பால் கடலைப் பார்த்தான். “நெடுந்தீவு,” என்றான். பிறகு, பொய் சொல்லிவிட்டது போலிருக்க, “இப்ப லண்டன் பக்கம். லெஸ்ரர்,” என்று சேர்த்தான்.

பதிவேட்டோடு இருந்தவர் பேனையைத் தூக்கினார். “ரெண்டில ஒண்டைச் சொல்லும் தம்பி. கட்டம் சின்னன்.”

“நெடுந்தீவு.”

“எழுதுறன். எழுதினா படகு வெளிக்கிடும் எண்டு நினையாதையும். சோளகக் காத்து தூக்கி அடிக்குது. இண்டைக்கு ஓட்டமில்லை எண்டு விடியவே சொல்லியாச்சு.”

“அப்ப ஏன் எழுதுறியள்?”

“எழுதுறது என்ர வேலை. ஓடுறது அவையின்ர வேலை.”

குறிகட்டுவான் துறையில் பயணிகள் படகுகள் கட்டிய கயிற்றை இழுத்துப் பார்த்தபடி நின்றன. காற்று வருகிற பக்கம்தான் நெடுந்தீவு. அமைதியான நாளில் அது கடலின் விளிம்பில் ஒரு கறுப்புக் கோடாகத் தெரியும். இன்று அந்த இடத்தில் வெள்ளை நுரை எழும்பி எழும்பி விழுந்தது. ஒரு மணி நேரப் பயணம். இங்கிலாந்திலிருந்து வந்தவனுக்கு அந்த ஒரு மணி நேரம் கிடைக்கவில்லை.

வீட்டில் நாய் சாகக் கிடந்தது.

அப்பாவுக்குச் சுகமில்லை என்று சொல்லித்தான் வேலையிடத்தில் லீவு எடுத்திருந்தான். நாய்க்காகப் போகிறேன் என்றால் தருவார்களோ என்று ஒரு பயம். சொன்ன நிமிடத்திலிருந்து, சொன்னது பலித்துவிடுமோ என்று இன்னொரு பயம். விமானத்தில் கண் மூடவில்லை. கட்டுநாயக்காவில் இறங்கி யாழ்ப்பாணம் வந்த வான் வண்டியிலும் மூடவில்லை. ஏழு வருடத்துக்குப் பிறகு வருகிறவன் வழியில் ஒரு ஊரையும் பார்க்கவில்லை. போனையே பார்த்துக்கொண்டு வந்தான்.

நாயின் பெயர் ஓவசியர். குட்டியாக இருந்த நாளிலிருந்து, பின்னேரமானால் வளவைச் சுற்றியுள்ள கல்மதிலோடு ஒரு நடை போவான். சரிந்த கல்லைக் கண்டால் நிற்பான், மணந்து பார்ப்பான், அதட்டிக் குரைத்துவிட்டு அடுத்த கல்லுக்குப் போவான். றோட்டு வேலையை மேற்பார்வை பார்க்க வருகிற ஓவசியரின் அதே நடை என்று அப்பா வைத்த பெயர். இப்போது அவனுக்குப் பதினைந்து வயது. காது போய்விட்டது. வயிற்றில் ஒரு கட்டி.

திங்கட்கிழமை மிருக வைத்தியர் மாடுகளுக்குத் தடுப்பூசி போடத் தீவுக்கு வந்தபோது தங்கச்சி அஜந்தா அவரை வீட்டுக்குக் கூட்டிப் போயிருந்தாள். அவர் வயிற்றைத் தொட்டுப் பார்த்து, இனிச் சுகம் வராது, இன்றைக்கே ஊசி போட்டுவிட்டால் நாய்க்கு நல்லது என்றார். அப்பாவும் தலையாட்டினார். அஜந்தாதான் ஒரு வார்த்தை கேட்கவேண்டுமென்று லெஸ்ரருக்குப் போன் எடுத்தாள்.

“புதன்கிழமை வந்திடுவன்,” என்று பிரதாபன் சொன்னான். “ரெண்டு நாள்தானே. வைச்சிரு அஜி. எனக்காக வைச்சிரு.”

வைத்தியர் பெட்டியைத் திறக்காமலே திரும்பிப் போனார். ஓவசியர் அன்றிரவே எழும்ப முடியாமல் விழுந்தான்.

அந்த வைத்தியர் இப்போது துறையின் சீமெந்து வாங்கில் அமர்ந்து, பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார். பெயர் கோசலா. முப்பது வயது இருக்கும். அஜந்தா விடிய அழைத்ததும் யாழ்ப்பாணத்திலிருந்து வந்திருந்தார். கடலைப் பார்ப்பதும் உடனே நிலத்தைப் பார்ப்பதுமாக இருந்தார்.

“நீங்கள்தான் அண்ணாவோ?”

“ஓம்.”

அவர் பெட்டியின் பூட்டைத் தடவினார். திங்கட்கிழமையைப் பற்றிக் கேட்டிருந்தால் நல்லது என்று அவனுக்கு இருந்தது.

பக்கத்தில் தேத்தண்ணிக் கொட்டில் வைத்திருந்த மரியநாயகி அக்காவுக்கு எல்லாம் காதில் விழுந்திருந்தது. “நாய்க்கு லண்டனில இருந்து ஆள் வருது, யாழ்ப்பாணத்தில இருந்து டொக்டர் வருது,” என்றாள். “எனக்கு ரெண்டு முழங்காலும் நோ. ஒரு காக்காவும் எட்டிப் பாக்கேல்லை.”

“நீர் குலைச்சுப் பாரும் மரியநாயகி. வருவினம்,” என்றார் பதிவேட்டுக்காரர்.

ஒன்பதரை மணியளவில் எமிலியானுஸ் வந்தார். நெடுந்தீவு மீனவர். விடிவதற்குள், காற்று ஏறுமுன், பிள்ளைத்தாச்சி ஒருத்தியைத் தன் சிறிய பிளாஸ்ரிக் படகில் இக்கரைக்குக் கொண்டுவந்து அம்புலன்ஸில் ஏற்றிவிட்டு, இப்போது வீடு திரும்ப நின்றார். அவருடைய சகலன் ஏற்கெனவே படகின் முனையில், அணியத்தில், குந்தியிருந்தார்.

“நீர் சரவணமுத்து அண்ணையின்ர பெடியன் எல்லே? மூக்கில தெரியுது. நான் போறன். கொஞ்சம் நனைவீர், வேறை ஒண்டுமில்லை.”

“டொக்டரும் வரவேணும் அண்ணை.”

எமிலியானுஸ் தலையை ஆட்டினார். “லைஃப் ஜக்கெற் மூண்டுதான். எனக்கொண்டு, சகலனுக்கொண்டு, மிச்சம் ஒண்டு. ஜக்கெற் இல்லாம என்ர மகனையும் இந்தக் கடலில ஏத்தமாட்டன். ஒராள் வாங்கோ. மூண்டு மணிக்குக் காத்து விழும். மற்றாளை நாலு மணிக்கு வந்து ஏத்துறன்.”

அவர் ஜக்கெற்றைப் பிரதாபனிடம் நீட்டினார். அவன் கை அதை வாங்கியதும், மாட்டியதும், வாரை இழுத்துப் பூட்டியதும் அவனைக் கேட்டு நடக்கவில்லை. வாங்கில் கோசலா பாதி எழும்பியவர் மெல்லத் திரும்ப அமர்ந்தார். தான் போகத் தேவையில்லை என்ற ஆறுதல் அவர் முகத்தில் ஒரு கணம் தெரிந்தது. அதைத் தானே கண்டுகொண்டவர் போல் முகத்தைத் திருப்பினார்.

பிரதாபன் ஒரு காலைப் படகில் வைத்தான். போன் அடித்தது.

“அண்ணா, படகு வருதோ?” அஜந்தாவின் குரல் காய்ந்திருந்தது. “தண்ணியும் இறங்குதில்லை. சீலையை நனைச்சு வாயில வைச்சாத் தள்ளிவிடுறான். கிட்டப் போனா உறுமுறான். என்னைப் பாத்து அண்ணா. என்னை.”

“போனை அவன்ர மூக்கடியில பிடி.”

காற்று இரைச்சலுக்குள் அவன் மற்றக் காதைப் பொத்திக்கொண்டு கேட்டான்.

அந்தச் சத்தம் அவனுக்குத் தெரிந்த சத்தம். லெஸ்ரரில் அவனுக்கு வேலை ஒரு வயோதிபர் இல்லத்தில். மூச்சு கிறுகிறுவென்று இழுத்து, ஓரிடத்தில் நின்று, பிறகு தடக்கி விழுந்ததுபோல் மீண்டும் தொடங்கும். அதை எத்தனையோ கட்டிலருகில் இருந்து எண்ணியிருக்கிறான். பிள்ளைகள் போனில் கெஞ்சுவார்கள்: நாளைக்கு வந்துவிடுவோம், அதுவரை எப்படியாவது. அவனும் ஓம் என்பான். பிறகு கட்டிலருகே திரும்பிப் போய், பஞ்சை நனைத்து, வெடித்த உதட்டில் வைப்பான். காத்திருப்பது வருகிறவர்கள் இல்லை, கிடக்கிறவர்தான் என்று அவனைவிட ஆருக்குத் தெரியும்?

“கேக்குதோ அண்ணா?”

“கேக்குது.”

“நீ சொன்னதாலதான் வைச்சிருந்தனான்.” அவள் குற்றம் சாட்டவில்லை. நடந்ததைச் சொன்னாள்.

“ஓம். நான் சொன்னதுதான். பிழை. நீ போனைக் கையில வைச்சிரு.”

அவன் படகிலிருந்து காலை எடுத்தான். வார் ஈரத்தில் இறுகி, பூட்டு கழல மறுத்தது. இரண்டு கையாலும் இழுத்துக் கழற்றிக்கொண்டு வாங்கடிக்கு வந்தான்.

“டொக்டர், நீங்கள் போங்கோ.”

கோசலா ஜக்கெற்றைப் பார்த்தார். “நீங்கள் ஏழு வருசத்துக்குப் பிறகு வந்திருக்கிறியள்.”

“நான் போய் அவன்ர தலையைத் தடவலாம். வேறை ஒண்டும் ஏலாது. பெட்டி உங்களிட்டை.”

“எனக்கு நீந்தத் தெரியாது.”

“தெரிஞ்சவையும் இந்தக் கடலில நீந்துறேல்லை டொக்டர்,” என்றார் எமிலியானுஸ் கீழேயிருந்து. “இருந்து பிடிக்கிறதுதான் வேலை. நான் சொல்ற இடத்தில பிடிச்சாக் காணும்.”

கோசலா எழும்பினார். பிறகு செருப்பைக் கழற்றிக் கைப்பைக்குள் வைத்தார். “திங்கட்கிழமை திறக்காமக் கொண்டுவந்த பெட்டி,” என்றார். “எனக்கும் அது நெஞ்சுக்குள்ள கிடக்கு. இந்த வாரைப் பூட்டி விடுங்கோ.”

பிரதாபன் வாரைப் பூட்டிவிட்டான். மரியநாயகி கொட்டிலுக்குள் ஓடிப்போய்ப் பெரிய பொலித்தீன் பை ஒன்றைக் கொண்டுவந்து, கேட்காமலே பெட்டியைச் சுற்றி இறுக்கிக் கட்டினாள்.

படகு துறையை விட்டதும் முதல் அலையிலேயே அணியம் வானத்தைப் பார்த்தது. கரையில் நின்றவர்கள் எல்லாரும் தங்களை அறியாமல் விளிம்புக்கு வந்தார்கள். படகு விழுந்த பள்ளத்தில் கொஞ்ச நேரம் ஒன்றும் தெரியவில்லை. பிறகு ஜக்கெற்றின் செம்மஞ்சள் மேலே வந்தது.

“ஏறீட்டாள்,” என்றாள் மரியநாயகி, கையை நெற்றியில் வைத்துக்கொண்டு. “பெட்டியை விடேல்லை. ரெண்டு கையாலையும் கட்டிப் பிடிச்சுக்கொண்டிருக்கிறாள் பெட்டை.”

“பிடிக்கச் சொன்னது படகையெல்லோ,” என்றார் பதிவேட்டுக்காரர். சொல்லிவிட்டு அவரும் கதிரையை விட்டு எழும்பி வந்து நின்றார்.

எமிலியானுஸ் அலையை நேரே முட்டவில்லை. சரித்து ஏறி, உச்சியில் இயந்திரத்தைத் தணித்து, இறக்கத்தில் விட்டார். ஒவ்வொரு அலைக்கும் படகு தன் இடத்தை வாங்கிக்கொண்டு போனது. செம்மஞ்சள் ஒரு பூ அளவாகி, பொட்டளவாகி, நுரைக்குள் போனது.

அந்த நேரம் முழுக்கப் பிரதாபன் தங்கச்சியோடு கதைத்துக்கொண்டிருந்தான். குரல் வேலையிடத்துக் குரலாக மாறியிருந்தது.

“வெயில் எங்கை விழுது?”

“காலடிக்கு வந்திட்டுது.”

“சாக்கோட சேர்த்து நிழலுக்கு இழு. தூக்காதை, இழு. முதல் ஊசி நித்திரைக்கு. அதுக்குப் பிறகுதான் மற்றது. முதல் ஊசி போட்டோடன நோ போயிடும், உறுமமாட்டான். அப்ப தலையை மடியில எடு. இடப்பக்கக் காதுக்குப் பின்னால சொறிஞ்சு விடு.”

“வீடியோ போடட்டோ? நீ பாக்கலாம்.”

அவன் கடலைப் பார்த்தான். “வேண்டாம். உனக்கு ரெண்டு கையும் வேணும்.”

“அண்ணா…”

“பயப்பிடாதை. நான் நிறையப் பேரோட இருந்தனான். நீ வடிவாச் செய்வாய். போனை வை.”

பதினொரு மணிக்குப் பிறகு கோசலாவிடமிருந்து ஒரு வரி வந்தது: இறங்கீட்டன், பெட்டி நனையேல்லை. அவன் அதைச் சத்தமாக வாசித்தான். பதிவேட்டுக்காரர் மணியைப் பார்த்து எழுதிக்கொண்டார். மரியநாயகி ஒரு தேத்தண்ணியைக் கொண்டுவந்து அவன் கையில் வைத்தாள். அவன் குடிக்காமல் பிடித்துக்கொண்டிருந்தான். ஆறிப்போனது. அவள் அதை வாங்கி ஊற்றிவிட்டுச் சூடாக இன்னொன்று தந்தாள்.

பன்னிரண்டு மணிக்கு அஜந்தா எடுத்தாள். அழுதுகொண்டிருந்தாள்; ஆனால் சொல்லவேண்டிய அவசரத்தில் அழுகை பின்னால் நின்றது.

“அண்ணா, டொக்டர் வாசல் படலையைத் திறந்தவா. மூண்டு நாளாத் தலை தூக்காதவன் தூக்கிக் குலைச்சான். ஒருக்கா இல்லை, மூண்டு தரம். எப்பிடி மணந்து பிடிச்சானோ. டொக்டர் பயந்து படலையைச் சாத்திப்போட்டா.”

பிரதாபனுக்குச் சிரிப்பு வந்தது. பெரிய சத்தமாக வெளியே வந்தது. என்ன, என்ன என்று கேட்டவர்களுக்குச் சொன்னான். துறை முழுக்கச் சிரித்தது.

“அதெல்லோ உத்தியோகம்,” என்றார் பதிவேட்டுக்காரர். “கடைசி மட்டும் வேலையில நிண்டிருக்கிறார்.”

“பேந்து?” என்று பிரதாபன் போனுக்குள் கேட்டான்.

“பேந்து நீ சொன்ன மாதிரித்தான். மடியில எடுத்தனான். காதைச் சொறிஞ்சனான். பெருமூச்சொண்டு விட்டான், பள்ளிக்கூடத்தால வந்து நீ சப்பாத்தைக் கழட்டிப்போட்டு விடுவாயே, அப்பிடி. பதினொண்டு நாப்பது. ஒரு நோவும் இல்லை அண்ணா.”

“வடிவாச் செய்தனி.”

“அப்பா அலவாங்குக் கம்பியை எடுத்தார். வீட்டுக்குப் பின்னுக்குப் போயிட்டார்.”

போனுக்குள் தூரத்தில் ஒரு சத்தம் கேட்டது. இரும்பு கல்லில் பட்டது. கொஞ்சம் நின்று மீண்டும் பட்டது. நெடுந்தீவு நிலம் ஒரு சாண் மண். அதன் கீழே எல்லாம் கல். அப்பாவுக்கு அறுபத்தெட்டு வயது. போன் தூக்குகிற பழக்கம் இல்லை.

“நான் டொக்டரைப் படகடிக்குக் கூட்டிக்கொண்டு போறன்,” என்று சொல்லி அஜந்தா வைத்துவிட்டாள்.

பிரதாபன் வாங்கில் இருந்தான். காற்றின் பிடி கொஞ்சம் தளர்ந்திருந்தது. கட்டிய படகுகள் இழுப்பதை விட்டு ஆடத் தொடங்கியிருந்தன. வாட்ஸ்அப்பில் குடும்பக் குழுவைத் திறந்தான். போனை வாயருகே பிடித்து, சொல்லச் சொல்ல எழுத்தாகப் பதியவிட்டான்.

“பிரதாபன். குறிகட்டுவானில நிக்கிறன். எல்லாருக்கும் சொல்லுறன், ஓவசியர் போயிட்டான், நல்லாப் போனவன். எமிலியானுஸ் அண்ணை நாலு மணிக்கு என்னை ஏத்துறார், அஞ்சரைக்கு வீட்டில நிப்பன். பக்கத்து வளவில இதை வாசிக்கிற ஆராவது ஒருக்கா எங்கட வீட்டுக்குப் போய் அப்பாட்ட அலவாங்கைக் கீழ வைக்கச் சொல்லுங்கோ. குழியை நான் வந்து வெட்டுறன்.”