பச்சை நூல் கட்டிய பூனை

"அம்மா, யாருமே இல்லாத பூனை காணாமப் போனா, அதை யாரு தேடுவாங்க?"

இஸ்திரிக் கடையின் வாசற்படியில் உட்கார்ந்துகொண்டு வாண்டு கேட்டாள். மடியில், மழையில் ஊறிப்போன ஒரு வெள்ளைப் பூனை. அம்மாவுக்குத் தலைக்கு மேல் வேலை. பதில் சொல்ல நேரமுமில்லை, பதிலுமில்லை. ஆகவே நம்மில் பலர் செய்வதுபோல அவளும் கோபப்பட்டாள்.

"முதல்ல அதைக் கீழ விடுடி. ஒரு முடி ஒட்டுச்சுன்னா போதும், என் பிழைப்புல மண்ணு."

"ஒட்டாதும்மா. இது நல்ல பூனை. கண்ணைப் பாரேன்."

பாவம், அம்மா பார்த்துவிட்டாள். அதுதான் வினையாயிற்று. மழை விடும்வரை இருக்கட்டும் என்றது மறுநாள்வரை என்றானது. கடைசியில் அம்மா கண்டிப்பாகச் சொன்னாள்: வாடிக்கையாளர் துணியில் பூனைமுடி ஏறினால், அன்றைக்கே பூனை வெளியே. வாண்டு பலமாகத் தலையாட்டிவிட்டு, பூனைக்கு 'இஸ்திரி' என்றே பேர் வைத்தாள்.

அந்தக் கடையில் ஒரு வழக்கம் உண்டு. துணிகள் கலந்துவிடாமலிருக்க, ஒவ்வொரு வீட்டுத் துணியிலும் ஒரு நிற நூலை அம்மா முடிந்துவைப்பாள். நூல் கட்டிய எதுவும் அங்கே தொலைந்ததில்லை. தேட ஆளில்லாத பூனைக்கு இதைவிட என்ன காப்பு வேண்டும்? வாண்டு தனக்குப் பிடித்த பச்சை நூலை எடுத்து அதன் கழுத்தில் தளர்வாகக் கட்டிவிட்டாள். அது வாடிக்கையாளரான பஸ் டிரைவரின் துணிக்குரிய நிறம் என்பதை அவள் யோசிக்கவில்லை.

டிரைவர் தெருவுக்கே தெரிந்த கறார் ஆள். மடிப்பு இரட்டையாக விழுந்ததென்று ஒருமுறை கால்சட்டையைத் திருப்பிக் கொடுத்தவர்.

ஒருநாள் அவருடைய கருநீலக் கோட்டைத் தேய்த்து, ஆறட்டும் என்று மேசையில் விரித்துவிட்டு அம்மா தண்ணீர் பிடிக்கப் போனாள். கதகதப்பான கோட்டைக் கண்டால் எந்தப் பூனைதான் சும்மா இருக்கும்? அம்மா திரும்பியபோது இஸ்திரி அதில் சுருண்டு கிடந்தது. கோட்டெங்கும் வெள்ளை முடி. அதே நேரம் வாசலில் டிரைவரின் செருமல்.

கோட்டை உள்பக்கமாக மடித்து நீட்டியிருக்கலாம். அம்மாவுக்கு அந்தப் பழக்கம் கிடையாது.

"தப்பாயிடுச்சு டிரைவரண்ணே. பூனை ஏறிப் படுத்துடுச்சு. துடைச்சுத் தர்றேன். பூனையையும் இப்பவே அனுப்பிடறேன்."

வாண்டு ஓடிவந்து பூனையை அள்ளிக்கொண்டாள். அவள் உதடு கோணிக்கொண்டு வந்தது.

டிரைவர் கோட்டைப் பார்த்தார். குழந்தையைப் பார்த்தார். பிறகு குனிந்து, பூனையின் கழுத்தைப் பார்த்தார்.

"பச்சை யாரோட நிறம்?"

"உங்களுதுதான் மாமா," என்றாள் வாண்டு, மூக்கை உறிஞ்சிக்கொண்டே.

"அப்போ பூனையும் என்னுது. என் பூனை என் கோட்டுல படுத்தா, நடுவுல உங்களுக்கு என்னம்மா வந்துச்சு?"

வாண்டு பூனையை இறுக்கி அணைத்துக்கொண்டாள்.

"அப்போ... கூட்டிட்டுப் போயிடுவீங்களா?"

"நானா? பஸ்ல ஏத்தினா கண்டக்டர் டிக்கெட் கேப்பான். இங்கயே இருக்கட்டும். நல்லாப் பாத்துக்க, என்ன?"

கோட்டை அப்படியே மாட்டிக்கொண்டு, தம் வழுக்கையைத் தடவினார். "தலையிலதான் முடி இல்லை. கோட்டுலயாவது இருக்கட்டுமே!"

வாண்டு பூனையைத் தூக்கிக்கொண்டு கடையைச் சுற்றிச் சுற்றி ஆடினாள். அம்மாவும் சிரித்தாள். ஆனால் அவருக்கு ஒரு நன்றி சொல்லக்கூட அவளுக்கு வாய் வரவில்லை. அது மனதில் கிடந்து உறுத்தியது.

அடுத்த முறை டிரைவரின் சட்டைகள் வந்தபோது, ஒன்றில் காலர் நைந்து நார்நாராக நின்றது. வாண்டு பள்ளிக்கூடம் போயிருந்தாள். தெருவில் ஆள் நடமாட்டமில்லை. அம்மா காலரைப் பிரித்து, நைந்த பக்கம் உள்ளே போகும்படி திருப்பிவைத்து, பொடித் தையலாகத் தைத்தாள். சட்டையைத் தேய்த்து மற்றவற்றின் நடுவே செருகினாள்.

மாலையில் டிரைவர் வந்தார்.

"மடிப்பு சரியா இருக்கா பாத்துக்குங்கண்ணே," என்று மட்டும் சொன்னாள் அம்மா.