பக்கம் முப்பத்தொன்றில் இரண்டு பெண்கள்

1

கோபத்தில் பிறந்த கதை இது. யார் மேல் கோபம் என்று இப்போதே சொன்னால் நீங்கள் புத்தகத்தை மூடிவிடுவீர்கள். அதனால் முதலில் செத்துப்போன ஓர் ஆள் மேல் கோபப்பட்டுக்கொள்கிறேன். செத்தவர்கள் மறுப்புக் கடிதம் போடுவதில்லை.

ஏறத்தாழ ஆயிரத்துத் தொள்ளாயிரம் வருஷங்களுக்கு முன்னால், கருங்கடல் ஓரத்து மாகாணம் ஒன்றில் ஒரு ரோமானிய ஆளுநர் இருந்தார். கிறிஸ்தவர்கள் என்று ஒரு புதுக் கூட்டம் கிளம்பியிருக்கிறதே, விடியுமுன் கூடிப் பாடுகிறார்களே, ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுகிறார்களே, அப்படி என்னதான் சாப்பிடுகிறார்கள் என்று அவருக்குச் சந்தேகம். உண்மையை அறிய இரண்டு அடிமைப் பெண்களைப் பிடித்து வதைத்தார். அந்தச் சபையில் அவர்களுக்கு ‘ஊழியர்’ என்ற பதவி இருந்தது. இதைப் பேரரசனுக்கு எழுதிய கடிதத்தில் அவரே சொல்கிறார். வதைத்துப் பார்த்ததில் மூடநம்பிக்கை தவிர வேறொன்றும் கிடைக்கவில்லையாம். எத்தனை பேர் என்று எழுதினார், என்ன பதவி என்று எழுதினார். பெயரை மட்டும் எழுதவில்லை.

(அடிமையின் சாட்சியம் வதைத்து வாங்கினால்தான் ரோமச் சட்டத்தில் செல்லுமாம். மண்ணாங்கட்டிச் சட்டம்.)

நான் ஏற்காட்டில் ஒரு பள்ளிக்கூடத்தில் வரலாறு நடத்துகிறவள். அந்த இரண்டு பேருக்கும் பெயர் வைத்து ஒரு கதை எழுதியே தீர்வது என்று போன மாசம் உட்கார்ந்தேன்.

2

முதல் தொடக்கம்:

“கடற்காற்றில் அணையாமல் விளக்கைக் கையால் மறைத்தபடி அவள் கதவைத் திறந்தபோது, வாசலில் போர்வீரர்கள்—”

வேண்டாம். நான் கருங்கடலைப் பார்த்ததில்லை. எனக்குத் தெரிந்த பெரிய தண்ணீர் எங்கள் ஏரிதான். அதில் சுற்றுலா வந்தவர்கள் பெடல் படகு மிதிக்கிறார்கள்.

இரண்டாவது தொடக்கம்:

“மூத்தவளுக்கு நாற்பத்தாறு வயது. காப்பிப் பழம் பறித்துப் பறித்துக் கறுத்துப்போன விரல்களால் அவள் அப்பத்தை—”

கருங்கடல் கரையில் காப்பி ஏது? ரோமாபுரியில் ஒருத்தரும் காப்பி குடித்ததே இல்லை. இதுகூடத் தெரியாமலா முப்பது வருஷமாகப் பாடம் நடத்துகிறேன்? தெரியும். அடிமைப் பெண் என்று எழுத ஆரம்பித்தால் பேனா ரூபி வீட்டு வாசலில் போய் நிற்கிறது. சரி, அங்கேயே போவோம்.

3

ரூபி வெள்ளக்கடைப் பக்கம் ஓர் எஸ்டேட்டில் வேலை செய்கிறவள். எஸ்டேட் கொடுத்த அவளுடைய லைன் வீட்டு முன்னறையில்தான் எங்கள் சபையே தொடங்கியது. பாய் அவளுடையது, விளக்கு அவளுடையது, கூட்டம் முடிந்து கொடுத்த காப்பியும் அவளுடையது. வெள்ளையடித்த கட்டடம் பதினைந்து வருஷம் கழித்து வந்தது.

(ஆதிச் சபைகள் இருந்த கொரிந்துப் பக்கமும் பிலிப்பியிலும் அப்படித்தான். கோயில் என்று ஒன்று இல்லாத காலத்தில் பெண்கள் தங்கள் வீட்டில் சபையைக் கூட்டினார்கள். அப்புறம் கட்டடம் வந்தது, நாற்காலி வந்தது. நாற்காலியில் யார் உட்கார்ந்தார்கள் என்று உங்களுக்கே தெரியும்.)

பக்கத்து வீட்டுக் காவேரி அவளுக்கு வலது கை. ஞானஸ்நானத்தின்போது போதகர் வேறு பெயர் வைத்துக்கொள்ளச் சொன்னார். “எங்கப்பன் வெச்ச பேருங்க, இருந்துட்டுப் போவுட்டுங்க” என்று சொன்னவள்.

கொரோனா இரண்டாம் அலையில் சேலத்திலிருந்து போதகர் மலையேற முடியவில்லை. லைனில் சின்னத்தம்பி என்ற பெரியவர் இறந்துபோனார். கொரோனாவோ என்னவோ, ஓர் ஆண்பிள்ளைகூட வாசல்படி தாண்டவில்லை. ரூபியும் காவேரியும் அவரைக் கம்பளியில் சுற்றித் தூக்கிக்கொண்டு போய், சபையின் கல்லறைத் தோட்டத்தில் குழி வெட்டி அடக்கம் செய்தார்கள். ஜெபம் பண்ணியது ரூபி. அடுத்த ஞாயிற்றுக்கிழமை பயந்து கிடந்த பதினோரு பேரைக் கூட்டி, ரொட்டியைப் பிட்டுத் திருவிருந்து கொடுத்தாள். எங்கள் சபையில் அதைப் போதகர் மட்டும்தான் செய்யலாம். திராட்சை ரசத்துக்கு எங்கே போவது? காவேரி பாலில்லாமல் வரக்காப்பி போட்டு டம்ளரில் ஊற்றிக் கொண்டுவந்தாள்.

ஊரடங்கு முடிந்ததும் சபைக் கமிட்டி விசாரணை வைத்தது.

4

ஆளுநர் உயர்ந்த இருக்கையில்— இல்லை. ஐந்து பேர் பிளாஸ்டிக் நாற்காலியில். பெண்கள் இருவரும் நின்றார்கள். கேள்வி கேட்டவர் கமிட்டிச் செயலாளர் ஜெயபிரகாஷ்.

“ரசம்னு என்னத்தைக் குடுத்தே?”

“வரக்காப்பிங்க,” என்றாள் காவேரி.

யாரோ சிரித்தார்கள்.

“உனக்கு அதிகாரம் குடுத்தது யாரு?” இது ரூபிக்கு.

“அதிகாரம் யாருங்க கேட்டாங்க? பொணம் கெடந்துச்சுங்க. நீங்கெல்லாம் ஊட்டுக்குள்ள இருந்தீங்க. வேற என்னங்க பண்றது?”

அதற்குப் பிறகு ஒருவரும் சிரிக்கவில்லை. மறு அறிவிப்பு வரும்வரை திருவிருந்திலும் கல்லறைத் தோட்டத்திலும் இருவருக்கும் உரிமை இல்லை என்று தீர்மானம் ஆனது. நகத்தைப் பிடுங்கவில்லை, சாட்டையால் அடிக்கவில்லை. நாம்தான் நாகரிகம் அடைந்துவிட்டோமே.

“டீச்சர், பேரெல்லாம் போட வேண்டாமுங்க,” என்றார் ஜெயபிரகாஷ். “பொம்பளைங்க பேரு ஏட்டுல ஏறிப்போச்சுன்னா, நாளைக்கு அவங்க புள்ளைங்களுக்குச் சம்பந்தம் பேச வர்றவங்க யோசிப்பாங்க. அவங்க நல்லதுக்குத்தானுங்க சொல்றேன்.”

டீச்சர் என்றது என்னைத்தான். மினிட்ஸ் எழுதியது நான். பக்கம் முப்பத்தொன்று: ‘இரண்டு பெண் உறுப்பினர்கள் விசாரிக்கப்பட்டனர்.’ என் கையெழுத்து முத்துமுத்தாக இருக்கும்.

அடிக்குறிப்பு: இப்போது நீங்கள் புத்தகத்தை மூடிக்கொள்ளலாம். மறுநாள் காலை இரண்டாவது பீரியடில் ‘ரோமானிய ஆட்சியில் பெண்கள்’ நடத்தினேன். ஊருக்குத்தானே உபதேசம்.

5

ரூபி விடுகிற ஆள் இல்லை. வெள்ளைத்தாளில் எழுதி, பஸ் பிடித்து, சேலத்தில் உள்ள சபைத் தலைமை அலுவலகத்தில் மேல்முறையீடு கொடுத்தாள். எட்டு மாசம் கழித்துப் பதில் வந்தது. ‘தங்கள் பெயரில் எந்தத் தீர்மானமும் பதிவேட்டில் இல்லை. இல்லாத தீர்மானத்தின் மீது மேல்முறையீடு ஏற்பதற்கில்லை.’

அதைத் தூக்கிக்கொண்டு ஜெயபிரகாஷிடம் போனாள். “அது யாருன்னு உனக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். தீர்மானம் தீர்மானந்தான்,” என்றார் அவர்.

இந்த வருஷம் காவேரிக்கு வயிற்றில் புற்றுநோய். பெரியாஸ்பத்திரியில் பார்த்துவிட்டு வீட்டுக்குக் கூட்டிப்போகச் சொல்லிவிட்டார்கள். அவள் புருஷன் கல்லறைத் தோட்டத்தில் வேலியோரம் கிடக்கிறான். அவன் பக்கத்தில் படுக்க வேண்டும் என்பது ஒன்றுதான் அவள் கேட்பது. அதற்குக் கமிட்டி போட்ட விலக்கு நீங்க வேண்டும். விலக்கு நீங்க, அந்த இரண்டு பேர் யார் என்று, மினிட்ஸ் எழுதியவள் சாட்சி சொல்ல வேண்டும்.

“ஏனுங்க டீச்சர், நாலு வரிங்க. அந்த ரெண்டு பேரு நாங்கதான்னு எழுதிக் குடுங்க போதும். மிச்சத்த நான் பாத்துக்கறேன்.”

எழுதித் தருகிறேன் என்றேன். மூன்று வாரம் ஆகிறது. நான் வேலை பார்க்கும் பள்ளி அதே சபையுடையது. ஜெயபிரகாஷ் நிர்வாகக் குழுவிலும் இருக்கிறார். ஓய்வுபெற இரண்டு வருஷம் பாக்கி. நான் பயந்தாங்கொள்ளி, அதற்கு வேறு பெயர் தேடவேண்டாம்.

கடிதம் எழுத உட்கார்ந்த ஒவ்வொரு நாளும் இந்தக் கதையைத்தான் எழுதியிருக்கிறேன்.

6

முடிவுகள் சில வைத்திருக்கிறேன்.

டீச்சர் துணிந்து கடிதம் எழுதுகிறாள். தலைமை அலுவலகம் விலக்கை நீக்குகிறது. காவேரியின் வாயில் ரொட்டித் துண்டை வைக்கும்போது ரூபியின் கை நடுங்குகிறது. இப்படி முடித்தால் பரிசு கிடைக்கும். மேடையில் கண்ணைத் துடைத்துக்கொண்டு நான் வாங்கிக்கொள்வேன், தூ.

இன்னொன்று: கருங்கடல் கரைக்கே திரும்பிப் போய்விடுவது. அந்தப் பெண்கள் இருவரும் இருட்டறையில் ஒருவர் பெயரை ஒருவர் சொல்லிக்கொள்கிறார்கள். அழகாக இருக்கும். ஆனால் வெள்ளக்கடையில் காவேரிக்கு அதனால் ஆறடி மண் கிடைக்காது.

மூன்றாவதாக, காவேரி சாகிறாள், எஸ்டேட் ஓரத்துப் புதரில் ரூபி தனியாகக் குழி

இதை எழுத முடியவில்லை.

7

சற்று முன் ரூபி போன் செய்தாள்.

“டீச்சர், காவேரிக்கு நொம்ப மூச்சு வாங்குதுங்க. லெட்டரு எழுதிட்டீங்களாங்க?”

“எழுதிட்டே இருக்கேன் ரூபி. கொஞ்சம் பெருசா வந்துருச்சு. ஒரு கதையா எழுதறேன். அந்த ஆளுநர் செஞ்ச அநியாயம், கமிட்டி செஞ்ச அநியாயம், எல்லாம் வருது.”

பின்னால் காவேரி இருமுவது கேட்டது.

“அதுல எங்க பேரு இருக்குதுங்களா டீச்சர்?”

இருக்கிறது என்றேன்.

பொய். அவள் பெயர் ரூபி இல்லை. பிரச்சினை வரக்கூடாது என்று முதல் பக்கத்திலேயே மாற்றிவிட்டேன், அவர்கள் நல்லதுக்குத்தான். போதகர் சொல்லியும் பெயரை மாற்றிக்கொள்ளாத அந்தப் பெண்ணின் பெயரும் காவேரி இல்லை. ஆளுநர், கமிட்டி, அப்புறம் நான். என்னுடையது இது இரண்டாவது தடவை.

மினிட்ஸ் புத்தகம் மேஜை மேல் இருக்கிறது. பக்கம் முப்பத்தொன்றில் ‘இரண்டு பெண் உறுப்பினர்கள்’ என்பதற்குப் பக்கத்தில் இரண்டு பெயர் எழுத இடம் இருக்கிறது. சேலம் போகும் கடைசி பஸ்ஸுக்கு இன்னும் ஒரு மணி நேரம். பேனாவை உங்களிடம் நீட்டுகிறேன், முடிவை நீங்கள் எழுதுங்கள் என்று.

உங்களால் முடியாது. அவர்கள் பெயர் உங்களுக்குத் தெரியாது. அது தெரிந்தும்தான் நீட்டுகிறேன்.