ஆலங்கட்டி வலை

ஏப்ரலில் பனிப்பொழிவு வரும் என்றால் எங்கள் மலையூரில் யாரும் பதறுவதில்லை. தேனீப் பெட்டிகள்மேல் சாக்கைப் போர்த்துவார்கள். ஆடுகளைக் கொட்டிலில் அடைப்பார்கள். ஆப்பிள் பூ குளிரில் கருகாமலிருக்கத் தோட்டத்தில் புகை மூட்ட ஈரச் சருகைக் குவிப்பார்கள். அன்று காலை எச்சரிக்கை வந்ததும் எல்லோரும் அதில் இறங்கினார்கள். எனக்கு மட்டும் வேறு வேலை. ஆலங்கட்டி மழைக்கான வலையை நான் ஏற்கெனவே மரங்கள்மேல் கட்டியிருந்தேன்.

பூ உதிர்ந்து பிஞ்சு பிடித்த பிறகுதான் அதைக் கட்டுவது வழக்கம். அதற்கு முன் பனி விழுந்தால் வலை முழுக்கத் தேங்கும். கம்பங்கள் சாயும், கிளைகள் முறியும். எனக்குத் தெரியாததல்ல. தோட்டக்கலை படித்தவன்.

மதியம்வரை தனியாக அவிழ்த்தும் ஒரு வரிசைதான் முடிந்தது. வலையை இரண்டு பேர் பிடித்துச் சுருட்ட வேண்டும். போன வருஷம் மறுமுனையில் என் மனைவி யாங்சென் இருந்தாள். குளிர்காலத்தில் இறந்துபோனாள்.

பக்கத்துத் தோட்டத்துப் பூட்டி என்ற சித்தி வேலியோரம் நின்று பார்த்தாள்.

"பூவுக்கே முக்காடு போட்டவன் நீ ஒருத்தன்தான்யா."

மச்சானைக் கூப்பிடச் சொன்னாள். அவருக்கும் தோட்டம் இருக்கிறது என்றேன். அவளே போன் செய்திருக்க வேண்டும். யாங்சென்னின் அண்ணன் தண்டுப் வந்துவிட்டார். அவருடைய மரங்கள் என்னாகும் என்று கேட்டேன்.

"புகை போட என் வீட்டுக்காரி போதும். அவ அடுப்பு தெனமும் அப்படித்தான்." வலையை அண்ணாந்து பார்த்தார். "எதுக்கு மாப்ள இவ்வளவு சீக்கிரம் கட்டுன?"

"கை சும்மா இருந்துச்சு மச்சான்."

அவர் மறுமுனையைப் பிடித்தார்.

கடைசி இரண்டு வரிசை மிச்சமிருக்கும்போது பனி தொடங்கிவிட்டது. ஈரப்பனி. கயிறு ஊறி முடிச்சு இறுகிப் போனது. நான் பல்லால் இழுத்துக்கொண்டிருந்தேன். வலை வயிறு தள்ளியது. ஒரு கம்பம் சாய்ந்தது, கூடவே ஒரு கிளையும் போனது.

"அறு மாப்ள. வலை போனா வாங்கிக்கலாம்."

கயிற்றை அரிவாளால் அறுத்தேன். வலை பனியோடு காலடியில் சரிந்தது. இருட்டுவதற்குள் இரண்டு வரிசையும் முடிந்தது.

இரவு மச்சான் இங்கேயே தங்கினார். காலையில் இருவரும் கோலால் கிளைகளை மெல்லத் தட்டிப் பனியை உதிர்த்தோம். பூக்களை நகத்தால் பிளந்து பார்த்தேன். மேட்டு மரங்களில் உள்ளே பச்சையாக இருந்தன. வாய்க்கால் ஓரத்தில் பெரும்பாலும் கறுத்திருந்தன. இந்த வருஷம் காய் குறையும். மரங்கள் நிற்கின்றன.

மச்சான் உப்புத் தேநீரைக் குடித்துவிட்டுக் கிளம்பினார். வேலியைத் தாண்டியதும் திரும்பி, அடுத்த முறை கட்டும்போது சொல்லியனுப்பச் சொன்னார்.

சரி என்றேன்.