நாலாயிரத்தைத் தாண்டாத முள்

புதுச் செருப்பு வாங்கினால் ஒரு வாரம் வீட்டுக்குள்ளேயே போட்டு நடந்து, காலும் செருப்பும் ஒத்துப்போன பிறகுதான் வாசலைத் தாண்டுவார் அவர். புதுக் குக்கரில் முதல் மூன்று நாள் வெறும் தண்ணீரைக் கொதிக்கவைத்துக் கொட்டச் சொல்வார். கல்யாணமான புதிதில் அவளிடம் நாலு வார்த்தை சேர்ந்தாற்போலப் பேசப் பதினோரு நாள் எடுத்துக்கொண்ட மனிதர். "என்னையும் பழக்கிட்டு இருந்தீங்களா?" என்று பிற்பாடு அவள் கேட்டதற்கு, "இல்ல, என்னைப் பழக்கிக்கிட்டு இருந்தேன்" என்று பதில் சொன்னார்.

அப்படிப்பட்டவர் ஐம்பத்தாறு வயதில் அந்தக் காரை வாங்கினார். இரண்டே கதவு, ஆறு சிலிண்டர், தரையோடு தரையாகப் பதுங்கி நிற்கும் உடம்பு. நில அளவையராக முப்பது வருஷம் வெயிலில் சங்கிலி பிடித்தவருக்கு வேறு எந்த ஆசையும் இருந்ததில்லை. குடியில்லை, சீட்டில்லை, ஊர் சுற்றல்கூட இல்லை. இந்த ஒன்றை மட்டும் இளவயதிலிருந்து மனசுக்குள் மடித்து வைத்திருந்தார். வண்டி வந்த அன்று அடுக்குமாடியின் கீழ்த்தளத்தில் அதை நிறுத்திவிட்டு, ஓட்டாமல், உள்ளே உட்கார்ந்து அதனோடு வந்த புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை படித்தார்.

புத்தகம் சொன்னது இதுதான். முதல் ஆயிரத்து ஐந்நூறு கிலோமீட்டருக்கு இன்ஜினின் சுழற்சியைக் காட்டும் முள் நாலாயிரத்தைத் தாண்டக் கூடாது. ஒரே வேகத்தில் நெடுநேரம் போகக் கூடாது. அடியோடு மிதிக்கவே கூடாது. அதன் பிறகு எண்ணெய் மாற்றிவிட்டால், முள்ளை ஏழாயிரம்வரை கொண்டுபோகலாம்.

அவளுடைய தம்பி இன்ஜின் பட்டறை வைத்திருப்பவன். அவனுக்கு இதைக் கேட்டதும் பொறுக்கவில்லை.

"மச்சான், புது இன்ஜினை இப்படி மடியில வெச்சுக் கொஞ்சினா அது சோம்பேறியாத்தான் வளரும். பிஸ்டன் ரிங் சிலிண்டர் சுவத்துல உரசிப் படியணும்னா அழுத்தம் வேணும். முதல் நாளே நல்லா மிதிச்சு, விட்டு, மறுபடி மிதிச்சு ஓட்டணும்."

"செஞ்சவனுக்குத் தெரியாதது உனக்குத் தெரிஞ்சுபோச்சா?"

"செஞ்சவன் வாரண்டிக்குப் பயந்து எழுதுவான். நான் பிரிச்சுப் பாத்தவன்."

"நீ பிரிச்சுப் பாத்ததெல்லாம் கெட்டுப்போன இன்ஜின்தானே. நல்லா இருக்கறது உன்கிட்ட எதுக்கு வரப்போகுது?"

தம்பி அக்காவைப் பார்த்தான். அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு காய் நறுக்கினாள். இந்த வழக்கு வாரக்கணக்கில் நடந்தது. தலைகீழாக நின்றாலும் அவர் மசிவதாக இல்லை.

தினமும் காலையில் இருபது கிலோமீட்டர். திரும்பி வந்ததும் சட்டைப்பை அளவு நோட்டில் மூன்று பத்தி: தேதி, தூரம், முள் எட்டிய உச்சம். மூவாயிரத்து எழுநூறு. மூவாயிரத்து எண்ணூறு. ஒரே ஒரு நாள், லாரி ஒன்றைத் தாண்டும்போது, மூவாயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பது. அதற்குப் பக்கத்தில் 'கவனக்குறைவு' என்று எழுதிக் கோடிட்டிருந்தார். மேல் வீட்டுப் பல் டாக்டர் மாடிப்படியில் அவளை நிறுத்தி, "சார் அந்தக் காரை ஓட்டறாரா, தூங்கவெக்கறாரா?" என்று கேட்டார். அவளும் வாரம் ஒரு நாள் கூடப் போவாள். பக்கத்தில் சைக்கிள்கூட முந்திக்கொண்டு போகும். அவர் முகத்தில் மட்டும் ஒரு ரகசியச் சந்தோஷம். "இருக்கட்டும். ஆயிரத்து ஐந்நூறு முடியட்டும், அப்புறம் பாரு. உன் முதுகு சீட்டுல ஒட்டிக்கும்" என்பார்.

வண்டி அறுநூற்று நாற்பதில் இருந்தபோது அவருக்கு வயிற்றுவலி வந்தது. கணையம் என்றார்கள். பரவிவிட்டது என்றார்கள். எத்தனை நாள் என்று அவள் கேட்டதற்கு டாக்டர் மேசையில் இருந்த பேனாவை நேராக வைத்துவிட்டு, "மாசக்கணக்குதான்மா" என்றார். அதற்குப் பிறகு அவர் படுக்கையும் ஆஸ்பத்திரியுமாக ஆனார்.

ஆஸ்பத்திரியில் சேர்ப்பதற்கு முந்திய நாள் தம்பி வந்து சொல்லிப் பார்த்தான். "மச்சான், ஒரே ஒரு தடவை. புறவழிச் சாலை காலியா இருக்கு. நான் பக்கத்துல உக்காந்துக்கறேன். ஏழாயிரம் வரைக்கும் ஒரு இழு இழுத்துட்டு வந்துடுவோம். இப்போ போய் அந்தப் புத்தகத்தை..." மூவருக்கும் மிச்சம் புரிந்தது.

அவர்தான் பேசினார். "இன்னும் எண்ணூத்தி அறுபது பாக்கி இருக்கு. முடிக்காம மிதிக்க மாட்டேன்."

அன்றைக்குத்தான் அவள் மனசில் அந்த எண்ணம் விழுந்தது. அவர் போவதற்குள் ஒரு தடவையாவது அந்த முள் நாலாயிரத்தைத் தாண்ட வேண்டும், அவர் அதைப் பார்க்க வேண்டும். குறுக்கே நிற்பது எண்ணூற்று அறுபது கிலோமீட்டர்தான். அதை அவள் ஓட்டித் தீர்த்துவிட்டால்?

அவள் தபால் அலுவலகத்தில் கவுண்டரில் உட்காருபவள். கணக்கு அவளுக்கும் வரும். வீட்டிலிருந்து ஆஸ்பத்திரி நேர் வழியில் ஒன்பது கிலோமீட்டர். ஏரிக்கரையைச் சுற்றிப் போய், சிமெண்ட் ஆலைக்குப் பின்னால் திரும்பி வந்தால், போக வர நாற்பத்து மூன்று. இருபது நாள். அலுவலகத்தில் அரை நாள் விடுப்பு எழுதிக் கொடுத்தாள். அவரிடம் மூச்சுவிடவில்லை. ஆஸ்பத்திரி வளாகத்தில் வண்டியைப் பிணவறைப் பக்கமாக நிறுத்துவாள். அவருடைய ஜன்னலிலிருந்து தெரியாத ஒரே இடம் அதுதான்.

முதல் நாள் சீட்டை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாள். தன் பழைய சின்னக் காரில் வாய்க்கு வந்ததைப் பேசிக்கொண்டு ஓட்டுபவள், இதில் வாயே திறக்கவில்லை. கண் சாலையில் பாதி, முள்ளில் பாதி. மூவாயிரத்து ஐந்நூறு தாண்டினால் உள்ளங்காலில் ஊசி குத்துவது போலிருக்கும், உடனே காலைத் தளர்த்துவாள். கியரை ஏற்றி இறக்கி, ஒரே வேகத்தில் போகாமல், அவர் செய்தபடியே செய்தாள். பின்னால் வந்தவர்கள் ஹாரன் அடித்தார்கள். ஒரு வேன்காரர் பக்கத்தில் வந்து கண்ணாடியை இறக்கி, "இது எதுக்கும்மா உங்களுக்கு? ஒரு தையல் மெஷின் வாங்கியிருக்கலாமே" என்றார்.

அவருடைய நோட்டில் எழுதக் கை வரவில்லை. தபால் அலுவலகப் படிவங்களின் பின்பக்கத்தில் எழுதினாள். தேதி, தூரம், உச்சம். எட்டாம் நாளுக்கு மேல் அவளையும் அறியாமல் பிடித்துப்போனது. இன்ஜின் சூடாகிற வாசனை, எந்த இடத்தில் சத்தம் மாறுகிறது, எந்தக் கியரில் அது நிம்மதியாக இருக்கிறது எல்லாம் தெரிந்தன. அவர் தினமும் காலையில் அப்படி என்னத்தைக் கண்டார் என்பது இப்போதுதான் அவளுக்குப் பிடிபட்டது. கல்யாணமாகி இருபத்தெட்டு வருஷம் கழித்து, அவர் படுத்த பிறகு.

வார்டில் அவர் நாளுக்கு நாள் சிறுத்துக்கொண்டிருந்தார். ஆனால் பேச்சில் தெம்பு இருந்தது. "வண்டி எப்படி இருக்கு?" என்று தினமும் கேட்பார். "அப்படியே இருக்குங்க" என்பாள். "தூசி தட்டினியா?" "தட்டினேன்." அவர் திருப்தியாகக் கண்ணை மூடிக்கொள்வார். விரல்கள் மட்டும் போர்வைமேல் எதையோ எண்ணிக்கொண்டிருக்கும். வலிக்காக என்று அவள் நினைத்தாள்.

இருபதாம் நாள் மீட்டரில் ஆயிரத்து ஐந்நூறு விழுந்தது. அங்கிருந்து தம்பியின் பட்டறைக்கு. அவன் எண்ணெயை வடித்து, ஒரு வெள்ளைத் தட்டில் கொஞ்சம் ஊற்றி வெயிலில் காட்டினான். தங்கப் பொடி தூவியதுபோல் மெல்லிய மினுமினுப்பு. "உள்ள எல்லாம் உரசிப் படிஞ்ச தூள் இது. ஒழுங்காத்தான் பழகியிருக்கு" என்றான். பிறகு அக்காவைப் பார்க்காமல், "மச்சான் ஓட்டின மாதிரியே ஓட்டியிருக்கே" என்றான்.

இனிச் செய்ய ஒன்றுமில்லை, வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அந்த வாரமே அனுப்பிவிட்டார்கள். இரண்டு நாள் கழித்து, சாயங்கால வெயிலில், அவரைக் கைத்தாங்கலாகக் கீழே அழைத்து வந்தார்கள். ஓட்டுகிற சீட்டில் அவரை உட்காரவைக்கத் தம்பி கைப்பிள்ளையைத் தூக்குவதுபோல் தூக்கினான். அவள் மறுபக்கம் ஏறி உட்கார்ந்தாள். பண்டிகைக்குப் புதுத்துணி எடுத்து ஒளித்து வைத்திருக்கிற சின்னப் பிள்ளைபோல அவள் கைப்பையை மடியில் இறுக்கிக்கொண்டாள்.

அவர் பொத்தானை அழுத்தினார். இன்ஜின் முழித்துக்கொண்டது. மீட்டரில் வெளிச்சம் வந்தது. ஆயிரத்து ஐந்நூற்று மூன்று.

அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"யாரு ஓட்டினது?"

"நான்தாங்க. ஒரு நாள்கூட நாலாயிரத்தைத் தாண்டல. எண்ணெயும் மாத்தியாச்சு." கைப்பையிலிருந்து படிவங்களை எடுத்து நீட்டினாள். "இனிமே நீங்க மிதிக்கலாம். உங்களால முடியலைன்னா நான் மிதிக்கறேன், நீங்க பக்கத்துல உக்காந்து பாருங்க."

அவர் இருபது நாளையும் வரி விடாமல் படித்தார். ஒரு இடத்தில் நிறுத்தி, "மூவாயிரத்து நூறுதான் போயிருக்கே, மழையா?" என்று கேட்டார். "ஆமாங்க, மழை." தலையாட்டினார். "நல்லா ஓட்டியிருக்கே. என்னைவிட நல்லா."

பிறகு படிவங்களை மடித்துக்கொண்டே, யாரிடமோ சொல்வதுபோலச் சொன்னார்: "அங்க படுத்துக்கிட்டு, எண்ணூத்தி அறுபது இருக்கே, எண்ணூத்தி அறுபது இருக்கேன்னு நெனச்சுக்கிட்டே இருந்தேன். நாளைக்கு இருபதுன்னா நாப்பத்து மூணு நாள். முடியாத நாள்ல பத்துன்னா இன்னும் இழுக்கலாம். அது பாக்கி இருக்கறவரைக்கும் எப்படிப் போயிடுவேன்னு."

கோபமில்லாமல், அளந்த நிலத்தின் கணக்கைச் சொல்வதுபோலத்தான் சொன்னார். போர்வைமேல் எண்ணிய விரல்கள் அவள் நினைவுக்கு வந்தன. அவர் சேர்த்து வைத்திருந்ததை அவள் ஏரிக்கரையிலும் சிமெண்ட் ஆலைச் சாலையிலும் இருபதே நாளில் கொட்டித் தீர்த்திருக்கிறாள். கார் ஜன்னலோரம் நின்ற தம்பி முகத்தைத் திருப்பிக்கொண்டு, டயரைத் தொட்டுப் பார்ப்பதுபோல் குனிந்தான்.

"நீ ஓட்டு" என்றார் அவர். இடம் மாறி உட்கார்ந்தார்கள்.

புறவழிச் சாலை காலியாகத்தான் இருந்தது. நேர் கோடாக, நாலு வண்டிகள் சேர்ந்து போகிற அகலத்தில். முள் மூவாயிரத்து எண்ணூறில் நின்றது. அவள் கால் பெடலின்மேல் இருந்தது. அவரைப் பார்த்தாள். "மிதிக்கட்டுமாங்க?"

அவர் முள்ளைப் பார்த்தபடி இருந்தார். "எண்ணெய் இப்போதானே மாத்தியிருக்கு?"

"ஆமாங்க."

"அப்போ இன்னும் ஐந்நூறு கிலோமீட்டர் பாத்து ஓட்டணும். புது எண்ணெய் இல்லையா. புத்தகத்துல போட்டிருக்கு."

அந்தப் புத்தகம் அவளுக்கு இப்போது மனப்பாடம். எந்தப் பக்கத்திலும் அப்படி ஒரு வரி இல்லை.

"ஆமா, இருக்கு" என்றாள். "நான்தான் மறந்துட்டேன்." காலைத் தளர்த்தினாள்.

வீட்டுக்கு வந்ததும் அவர் நோட்டைக் கேட்டு வாங்கி, கோணல் எழுத்தில் எழுதினார்: 'இரண்டாயிரத்து மூன்று வரை.' சாலையில் நடந்தது தெரியாமல் காத்திருந்த தம்பி, "என்ன மச்சான், இழுத்துச்சா?" என்றான். புது எண்ணெய்க்கு இன்னும் ஐந்நூறு வேண்டும் என்று அவர் சொன்னார். ஆயுசு முழுக்க மிதி, மிதி என்று வாதாடியவன், அக்கா முகத்தைப் பார்த்தான்.

"கண்டிப்பா வேணும் மச்சான்" என்றான். "ஐந்நூறாவது வேணும். என் பட்டறையில எல்லாருக்கும் அதான் சொல்வேன்."

அதற்குப் பிறகு தினமும் சாயங்காலம் பன்னிரண்டு கிலோமீட்டர். அவள் ஓட்டுவாள், அவர் பக்கத்தில் சாய்ந்துகொண்டு உச்சத்தைப் படித்துச் சொல்வார், வீட்டுக்கு வந்து அவள் எழுதுவாள். பதினேழு சாயங்காலங்கள் அப்படிப் போயின. பதினெட்டாம் நாள் அவரால் எழுந்திருக்க முடியவில்லை. ஜன்னலைத் திறந்து வைக்கச் சொன்னார்; அவள் கீழே போய் வண்டியைக் கிளப்பி, பத்து நிமிஷம் அவருக்குக் கேட்கும்படி ஓடவிட்டாள். மறுநாள் விடிந்தபோது அவர் இல்லை. மீட்டர் ஆயிரத்து எழுநூற்றுப் பதினொன்றில் இருந்தது.

வந்தவர்கள் எல்லாரும் போய், அவளும் அலுவலகத்துக்குத் திரும்பிய பிறகு, தனியாக ஓட்ட ஆரம்பித்தாள். அவர் கொடுத்துவிட்டுப் போன வேலை, முடிக்க வேண்டும் என்றுதான் ஆரம்பித்தாள். ஒரு சாயங்காலம் கீழ்த்தளத்தில் நிறுத்தும்போதுதான் கவனித்தாள்: ஆயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றேழு. இன்னும் ஆறு.

அதற்கப்புறம் வண்டி நகரவில்லை. தம்பி இரண்டு தடவை சொன்னான். "ஆறு கிலோமீட்டர்தானே அக்கா. முடிச்சுட்டு ஒரு தடவை நல்லா மிதிச்சுடு. மச்சான் ஆசைப்பட்டதுதானே." அவள், பார்க்கலாம் என்றாள். மூன்றாம் தடவை அவன் அதைப் பற்றிப் பேசவில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் கீழே இறங்கி வருவாள். தூசி தட்டுவாள். பேட்டரி இறங்கிவிடாமலிருக்கப் பொத்தானை அழுத்தி, இடது சீட்டில் யாரோ உச்சத்தைப் படிக்கக் காத்திருப்பதுபோல, பத்து நிமிஷம் அசையாமல் உட்கார்ந்திருப்பாள். பிறகு அணைத்துவிட்டு, அவருடைய நோட்டை எடுத்துத் தேதி போடுவாள். தூரம்: இல்லை. உச்சம்: எண்ணூறு. பாக்கி: ஆறு.