மணிக்கு அறுபது காலர்

தைக்கும் நேரத்தை அளக்கும் கடிகாரக்காரர் வந்தால் கை மெதுவாகிவிட வேண்டும். எங்கள் தையல் லைனில் யாரும் எழுதி ஒட்டாத சட்டம் அது. அவசரமாய்த் தைத்துக் காட்டினால் அதையே நாளைக்கு டார்கெட் ஆக்கிவிடுவார்கள். புத்தியுள்ள பெண்கள் அன்றைக்கு ஊசியில் நூல் கோக்கவே ஒரு யுகம் எடுத்துக்கொள்வார்கள்.

எனக்கும் புத்தி இருந்தது. ஆனால் அக்காவும் இருந்தாள்.

பக்கத்து மெஷின் அவளுடையது. இரண்டு மாதமாக அவள் விரல்கள் மரத்துப்போகின்றன. டார்கெட் மணிக்கு ஐம்பது காலர். அவள் முக்கி முனகித் தைத்தால் நாற்பது. நான் அறுபது தைத்து, யார் கண்ணிலும் படாமல் பத்தை அவள் காலர் கட்டோடு சேர்ப்பேன். அப்படியும் சில நாள் துண்டு விழும். அத்தான் செத்த பிறகு அவள் சம்பளத்தில்தான் இரண்டு பிள்ளைகளும் சாப்பிடுகிறார்கள்.

அந்தத் திங்கட்கிழமை மேனேஜர் எல்லோரையும் நிற்கவைத்துச் சொன்னார்: "வேற நாட்டுல இதே சட்டைய நம்மளவிட சல்லிசா தைக்கிறாங்க. வேகம் கூடலன்னா ஆர்டர் அங்க போயிடும்."

கடிகாரக்காரர் புது ஆள், எங்கள் முகம் தெரியாது. பதிவேட்டைப் புரட்டி, சாப்பாட்டுக்குப் பிறகு பதினேழாம் மெஷினில் நேரம் எடுப்பதாகச் சொன்னார். பதினேழு அக்காவுடையது.

அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. "என்னைத் தூக்கத்தான் வர்றாருடி."

"நீ என் சீட்ல உக்காரு. நான் பாத்துக்கிறேன்."

மணி அடித்ததும் இடம் மாறினோம். சூப்பர்வைசர் அன்றைக்கு லீவு. பல்லைக் கடித்துக்கொண்டு தைக்க ஆரம்பித்தேன். எதிர் வரிசைக்காரி முறைத்தாள். முறைக்கட்டும், வேலை போகப்போவது அவள் அக்காவுக்கா என்ன? ஐம்பது போதும் என்று பயத்தில் தோன்றவில்லை. ஒரு மணி நேரத்தில் அறுபத்திரண்டு.

கடிகாரக்காரர் சிரித்துக்கொண்டே மேனேஜர் அறைக்குப் போனார். அவர் பேசியது வெளியே கேட்டது. "இந்த லைன்லயே கடைசி ஆள் பதினேழு. அவங்களே அறுபத்திரண்டு தைக்கும்போது மத்தவங்களுக்கு என்ன கேடு? நாளையிலிருந்து எல்லாருக்கும் அறுபது போட்டுடலாம்."

சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, நான் லைன் முழுவதற்கும் சேர்த்து வைத்துவிட்டேன். உண்மையைச் சொன்னால் அக்காவுக்கு அப்போதே வேலை போய்விடும். என் மெஷினுக்குத் திரும்பி அடுத்த காலரை எடுத்தேன்.

மறுநாள் முதல் மணியில் உயிரைக் கொடுத்து அறுபது தைத்தேன். அக்கா முப்பத்தெட்டு. பழக்க தோஷத்தில் என் கட்டிலிருந்து பத்தை உருவினேன்.

அவள் என் மணிக்கட்டைப் பிடித்தாள். "வைடி. குடுத்தா ரெண்டு பேருக்கும் வேலை போகும். என் பிள்ளைங்களுக்கு சித்தியாவது சம்பாதிக்கணும்."

வைத்துவிட்டேன். அவள் இன்னொரு தடவை சொல்லட்டும் என்றுகூட நான் காத்திருக்கவில்லை.