வரையாத முதுகு

“மாப்ள, உங்க அக்காவுக்கு மச்சம் எந்தக் கன்னத்துல?”

“இத்தன வருசம் குடும்பம் நடத்திட்டு என்கிட்ட கேக்குறீங்களே மாமா! வலது கன்னம்.”

“இப்ப இடதுல இருக்கு.”

“ஆளு இளைச்சிட்டால்ல, நகர்ந்திருக்கும்,” என்று சொல்லிவிட்டு, இஸ்திரிக்காரரின் மச்சினன், அவர் தேய்த்து வைத்திருந்த சட்டையை வாங்கிக்கொண்டு போய்விட்டான்.

மழைக்காலம் முடிந்ததிலிருந்து இஸ்திரிக்காரரின் மனைவி, பக்கவாட்டில் திரும்பினால் ஒரு கோடாக மட்டுமே தெரிந்தாள். தெருவில் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. சாவியை உள்ளே வைத்துக் கதவைச் சாத்திவிட்டவர்கள் அவளைத்தான் கூப்பிட்டார்கள். அவளும் கதவிடுக்கில் நுழைந்து எடுத்துக் கொடுத்தாள்.

இஸ்திரிக்காரருக்கு மட்டும் சந்தேகம். சட்டைக்குள் வைத்து மடிக்கும் அட்டை ஒன்றில், கடையின் பின்னறையில், கண்ணாடியைப் பார்த்துப் பார்த்து அவள் தன்னையே வரைந்ததை அவர் அறிவார். “நான் எப்படி இருக்கேன்னு எனக்கே மறந்துபோச்சுங்க,” என்றாள். அவர் தேய்த்துக்கொண்டிருந்த காலரிலிருந்து கண்ணை எடுக்காமல் “ம்” என்றார். பொம்மையை நறுக்கி எடுத்தாள். தோளில் மடித்து மாட்டும் காகித உடுப்புகளும் வெட்டினாள். கண்ணாடி இடம் வலம் மாற்றும் என்பதை யோசிக்காமல், தெரிந்த பக்கத்திலேயே மச்சமும் வைத்தாள். மறுநாள் பொம்மையைக் காணோம். மச்சம் இடது கன்னத்தில் இருந்தது.

அன்றிலிருந்து அவர் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தார். ஃபேன் ஓடினால் அவள் மேசைக்காலைப் பிடித்துக்கொண்டாள். பாத்திரம் கழுவுவதை அவர் தலையில் கட்டினாள். எல்லாவற்றையும்விட, அவருக்கு அவள் முதுகைக் காட்டுவதே இல்லை. முன்பெல்லாம் அடுப்படியில் நிற்கும் அவள் முதுகைத்தான் அவர் பார்த்திருந்தார். இப்போதோ அவள் பின்பக்கமாகவே நடந்து, அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். சண்டை வந்தால் பழைய கதையெல்லாம் ஒன்றுவிடாமல் எடுத்து வைத்தாள். அட்டைக்கு இவ்வளவு ஞாபகம் ஏது? இது பொம்மை என்றால், தன் மனைவி எங்கே? எந்தக் கதவிடுக்கு வழியாக, யாரிடம் போனாள்?

கடைசியில் தன் தொழிலில் தெரிந்த ஒரே சோதனைக்கு வந்தார். துணியா காகிதமா என்று தண்ணீர் சொல்லிவிடும். துணிக்குத் தெளிக்கிற சாக்கில் கிண்ணத்திலிருந்து ஒரு கை அள்ளினார். விரலிடுக்கில் தண்ணீர் சொட்டியது.

“உண்மையச் சொல்லு. நீ யாரு?”

“வரையும்போதே இதக் கேட்டிருக்கலாம்ல?”

சொல்லிவிட்டு அவள் முதல்முறையாகத் திரும்பி நின்றாள். தலையிலிருந்து குதிகால்வரை வெறும் சாம்பல் நிற அட்டை. பின்னல் இல்லை, தோள்பட்டை இல்லை, ஒரு கோடுகூட இல்லை.

இஸ்திரிக்காரரின் கை அந்தரத்தில் நின்றது.

“கண்ணாடியில என் முதுகு எனக்குத் தெரியலைங்க,” என்றாள் அவள், சுவரைப் பார்த்தபடி. “அத நல்லாப் பார்த்தவரு நீங்க ஒருத்தர்தான். அந்த ஈரக் கையத் தொடச்சிட்டு வந்து, கொஞ்சம் வரைஞ்சு குடுக்கிறீங்களா?”